காஜா எடுப்பவனின் அண்ணன்

அந்த வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்த பிறகு, கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாயின் தையல் கடைக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: கடைக்காரர் சிக்கந்தர் பாய், ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் விஜயம் அம்மா, என் தம்பி முத்திருளன், அவன் மனைவி சின்னத்தாய், எதிர்த்த டீக்கடைச் சின்னான், கடைசியாக நான், பேயாண்டி. இதில் சின்னானை யாரும் கூப்பிடவில்லை. காலிக் கிளாஸ் எடுக்க வந்தவன், பேச்சு ருசியாக இருக்கவே நின்றுவிட்டான். எங்கள் ஊர் ஆண்டிச்சாமி தானும் அங்கே இருந்ததாக ஊரில் சொல்லித் திரிகிறான். அவன் இல்லை. இல்லாதவர்கள்தான் அன்று நடந்ததை அதிகமாகச் சொல்கிறார்கள் என்பதால் இருந்தவனான நான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் சோழவந்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் எங்களுக்குப் பிழைப்பு. கோயில் திருவிழாவில் எங்கள் வீட்டுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். கட்டப்படும் தலை என்னுடையது. அதனால் வருஷத்தின் மற்ற நாட்களிலும் அந்தத் துணி என் தலையில் இருப்பதாகவே எண்ணி நடப்பேன். ஒரு முறை வரப்பில் எதிரே எருமை ஒன்று வந்தது. அதுதான் விலக வேண்டும் என்று நான் நின்றேன். எருமைக்குப் பரிவட்டம் தெரியவில்லை. நான் வாய்க்காலில் விழுந்தேன். விழும்போதும் என் முதுகு நேராகத்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் கண்ணில் படுகிற இடத்தில் தம்பி உட்கார மாட்டான். தோளில் துண்டு கிடந்தால் அது இடுப்புக்கு இறங்கிவிடும். என் தகப்பனாரும் அவர் தம்பியும் அப்படி இருந்தார்கள். நானும் முத்திருளனும் அப்படித்தான். அவன் கல்யாணத்தில் மணையில் உட்காரச் சொன்னால் உட்காராமல் நின்றான். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பந்தலுக்குப் பின்னால், சமையல்காரர்கள் காய் நறுக்குகிற இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் உட்கார்ந்து தாலி கட்டினான். தம்பி தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. பூசணிக்காய் வெட்டியதைப் பார்த்தேன். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று இதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

அவனுக்கு நோய் வந்தது கொடிக்காலில் வைத்து. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு, வெற்றிலைக் கொடி படர நட்டிருக்கும் அகத்தி மரங்களுக்கு நடுவே யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். சாப்பாட்டில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். கோடாங்கியிடம் கூட்டிப்போனோம். கோடாங்கி உடுக்கையை அடித்து, உள்ளே வந்திருப்பது யார், பெயரைச் சொல் என்று மிரட்டினார். முத்திருளன் பயந்துபோய், வீட்டில் அதிகமாகக் காதில் விழுந்த பெயரைச் சொன்னான்: பேயாண்டி. கோடாங்கி திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் நம்பிக்கை வந்த கதை இதுதான்.

ஆஸ்பத்திரி அவனைக் காப்பாற்றியது. கொஞ்ச காலம் வார்டில் இருந்துவிட்டு, தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தான். அகத்தி மரங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. ஆனால் நான் விடுவேனா? மண்வெட்டியை அவன் கையில் கொடுக்கக் கூடாது, கொடிக்காலுக்குள் அவன் இறங்கக் கூடாது, களத்துமேட்டில் நாலு பேர் கூடும்போது அவன் வரக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டேன். கோயில் மாட்டைப் போல அவனுக்குத் தீனி வைத்தேன். கோயில் மாடாவது ஊரைச் சுற்றி வரும். இவன் கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்தான். இதற்குக் கவனிப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்த வருஷம், சித்திரை முடிகிற சமயத்தில், விஜயம் அம்மா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கைப்பை, ஆண்பிள்ளைக் குடை. நோய் தணிந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, அந்த வேலையில் அவர்கள் நிலைக்கிற வரை கூடவே நின்று பார்ப்பது அவர் பொறுப்பு என்று சொன்னார். அப்படி ஒரு பொறுப்பு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முத்திருளன் வார்டில் இருக்கும்போது கைத்தையல் நன்றாகப் பழகியிருக்கிறான், கோரிப்பாளையத்தில் ஒரு கடையில் பேசியிருக்கிறேன் என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் பிறத்தியாரிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்கியதில்லை என்று நான் சொன்னேன்.

"நெல்லை மில்காரர்கிட்டப் போட்டுட்டு என்னங்கய்யா பண்றீங்க? காலையா நீட்டுறீங்க?" என்றார் அந்த அம்மா.

உள்ளே என் மனைவி சீனியம்மாள் சிரித்தது வாசல் வரை கேட்டது. நான் அடுத்த நியாயத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, தூணருகே நின்றிருந்த முத்திருளன் பேசினான். வார்டிலிருந்து வந்ததற்குப் பிறகு அவனாக என்னிடம் வாய் திறந்து கேட்டது அதுவே முதல் தடவை.

"அண்ணே, நான் வேலைக்குப் போறேண்ணே. படுத்தே கெடந்தா மறுபடியும் அந்தப் பேச்சு வந்துரும்போல இருக்கு."

அதற்கு மேல் மறுக்க எனக்கு வழியில்லை. சம்மதித்தேன். ஆனால் கடைக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் அங்கே அவனுக்கு என்ன வேலை என்று தெரிந்தது. காஜா எடுக்கிற வேலை. சட்டைக்குப் பொத்தான் துளை போட்டு, அதன் ஓரத்தை ஊசி நூலால் கோர்த்துக் கட்டுவது. தையல் கடைகளில் அரைக்கால் சட்டை போட்ட பையன்கள் தொழில் பழக வரும்போது முதலில் கொடுக்கிற வேலை. பரிவட்ட வீட்டு ஆள், மீசை நரைக்கத் தொடங்கியவன், அதைச் செய்யப் போகிறான்.

சிக்கந்தர் பாய் தரையில் துணியைப் பரப்பி வெட்டிக்கொண்டே பேசுகிறவர். தலை நிமிரமாட்டார். முத்திருளனுக்கு வந்த நோயையும் அவன் சாப்பிடும் மாத்திரையையும் விஜயம் அம்மா அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை என்று காட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினேன்.

"எனக்குக் கைதான் பெரியவரே வேணும்," என்றார் பாய். "தலை வேலையெல்லாம் நானே பாத்துக்கிருவேன். பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. யூனிபாரம் மலைமாதிரி கெடக்கு. இந்தச் சீசன் முச்சூடும் ஒரே இடத்துல உக்காந்து வேலை பாத்துட்டாருன்னா, இன்ஷா அல்லா, நெரந்தரமா இருந்துக்கிரட்டும். நடுவுல எந்திரிச்சுப் போயிட்டாருன்னா நான் வேற ஆளு பாக்கணும். அம்புட்டுத்தான் கணக்கு."

உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். இதைவிடச் சுலபமான நிபந்தனை உண்டா என்று நினைத்தேன்.

முத்திருளனும் சின்னத்தாயும் கோரிப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். ஊரில் என்ன சொல்வது என்பதை நான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன். தம்பி மதுரையில் ஜவுளி வியாபாரம் பார்க்கிறான் என்றேன். ஜவுளி என்றால் துணி. துணியோடுதான் அவன் இருந்தான். அதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஊரில் கல்யாணம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அதில் ஒரு லாபம் தோன்றிவிட்டது. முதலில் வந்தவன் ஆண்டிச்சாமி. எனக்குப் பங்காளி முறை. மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும், நம்ம முத்திருளன் கடையில் விலை தணித்துக் கொடுப்பான்தானே என்று கேட்டான். எந்தத் தெரு, கடைப் பெயர் என்ன என்றும் கேட்டான். கடை மராமத்தில் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டிச்சாமி போகாவிட்டால் இன்னொருவன் போவான். மேலூர்ச் சந்தைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் பாய் கடை இருக்கிற கோரிப்பாளையம் முக்கில்தான் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஊசியும் கையுமாக இருக்கிறவனை ஒருவன் பார்த்தால் போதும். என்ன ஏது என்று கேட்பான். ஆஸ்பத்திரி வரைக்கும் கேள்வி போகும். ஆகவே காவலுக்கு நானே போவதென்று முடிவு செய்தேன்.

பாய் கடைக்கு எதிரே சின்னானின் டீக்கடை. வெளியே ஒரு பெஞ்சு. காலை முதல் பஸ்ஸில் வந்து, குடையை ஊன்றிக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். பார்வை முக்கில் இருக்கும். எங்கள் பக்கத்து முகம் ஏதாவது தென்பட்டால் உடனே எழுந்து ஓடி, கையைப் பிடித்து, தர்கா பக்கம் இழுத்துக்கொண்டு போய் நலம் விசாரித்து, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புவேன். சில சமயம் பிடித்த கை எங்கள் ஊர்க்காரனுடையதாக இருக்காது. ஒரு தடவை போஸ்ட்மேன் ஒருவரைப் பிடித்து வெகுதூரம் இழுத்துப் போய்விட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஊர் திரும்பிவிடுவேன். எங்கள் ஆட்கள் யாரும் உச்சி வெயிலில் கடைத்தெருவில் அலைய மாட்டார்கள் என்பது என் கணக்கு.

பெஞ்சிலிருந்து பார்த்தால் கடைக்குள் முத்திருளன் தெரிவான். எப்போது பார்த்தாலும் நின்றுகொண்டே இருந்தான். உட்காரக்கூட நேரமில்லாமல் உழைக்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. டீயை இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கேட்டேன்.

சின்னான் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. தினமும் வந்து, யாரிடமும் பேசாமல், எதிரே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத் திடீரென்று எழுந்து பாய்ந்து வழியில் போகிறவர்களைப் பிடித்து இழுக்கும் கிழவனைப் பற்றி அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். பாய் கடைக்கு விஜயம் அம்மா வந்து போவதையும், அவர் எந்த ஆஸ்பத்திரி என்பதையும், நான் முத்திருளனுக்கு அண்ணன் என்பதையும் அவன் அறிவான். ஒரு நாள் டீயை என் கையில் கொடுத்துவிட்டு, மிகவும் பிரியமாகக் கேட்டான்:

"பெரியவரே, மாத்திரை போட்டாச்சா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சர்க்கரை வியாதி எனக்கு இல்லை என்றேன்.

"அது இல்லாட்டிப் போகுது. எந்த மாத்திரையா இருந்தாலும் நேரத்துக்குப் போட்டுக்கங்க. தம்பி வேலை பாத்து உங்களக் காப்பாத்துறாரு. அவருக்குத் தொந்தரவு குடுத்துறாதீக."

அந்த டீக்கிளாஸை நான் கீழே வைத்த விதத்தில் பெஞ்சு அதிர்ந்தது. அதுவும் அவன் முடிவுக்குச் சாட்சியாகப் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் விஜயம் அம்மா மறுபடி எங்கள் ஊருக்கு வந்தார். இந்தத் தடவை குடையை மடக்கக்கூட மறந்து நின்றார். பாய் ஆளனுப்பியிருக்கிறாராம். முத்திருளன் காலையில் வந்து ஒழுங்காக உட்காருகிறான். கொஞ்ச நேரத்தில் திடுக்கென்று எழுகிறான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் சட்டையும் ஊசியுமாக, தெருவைப் பார்த்தபடி மத்தியானம் வரை அப்படியே நிற்கிறான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்து அருமையாக வேலை செய்கிறான். காலை வேலை எல்லாம் தேங்கிக் கிடக்கிறது. வாடிக்கைக்காரர்கள் பயப்படுகிறார்கள். நோய் திரும்புகிறதோ என்று டாக்டருக்கும் சந்தேகம். அவன் மறுபடி வார்டில் வந்து கொஞ்ச நாள் தங்க வேண்டியிருக்கலாம். பாய் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பார். அன்று வீட்டார் எல்லோரும் வந்தால் பேசி முடிவு செய்யலாம்.

முத்திருளன் மறுபடி அந்தக் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்ப்பது கண் முன்னால் வந்தது. ஆனாலும் நான் சொன்னது என்ன? எங்கள் வீட்டு மனிதர்களுக்கு நிற்பது ஒன்றும் புதிதில்லை என்று சொன்னேன். அந்த அம்மா என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் முதலில் குறிப்பிட்டவர்கள் எல்லோரும் கூடினோம். பாய் கடைக் கதவில் பாதியைச் சாத்தினார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். உட்கார்ந்தேன். முத்திருளன் மூலையில் நின்றான். முடிக்காத வெள்ளைச் சட்டை ஒன்று கையில். சின்னத்தாய் எனக்கு முகம் காட்டாமல் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். கணவனின் அண்ணனோடு எங்கள் பெண்கள் நேராகப் பேசுவதில்லை.

விஜயம் அம்மா மெதுவாகத்தான் கேட்டார். தூக்கம் வருகிறதா? வருகிறது. மாத்திரை? போடுகிறான். எழுந்து நில் என்று காதில் யாராவது சொல்கிறார்களா? இல்லை. பிறகு ஏன் நிற்கிறீர்கள் என்றதும் அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுக்குப் பதிலாகக் குடும்பத் தலைவன் பேச வேண்டும் என்று நினைத்தேன். என் பாட்டனார் காலத்திலிருந்து ஆரம்பித்தேன். பரிவட்டம், கொடிக்கால், நாங்கள் யாருக்கும் தலைவணங்காதது, எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குச் சிறியவர்கள் காட்டும் மரியாதை எல்லாவற்றையும் விளக்கினேன். மரியாதையைப் பற்றிப் பேசும்போது கல்யாணக் கதையையும் சொன்னேன். பூசணிக்காய் வரை வந்துவிட்டேன். என் வாயாலேயே விடையைச் சொல்லிவிட்டு, அடுத்ததாகத் திருவிழாவுக்குப் போய்விட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நான் பேசும்போது பொதுவாக யாரும் கவனிப்பதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பாய் கத்தரியைக் கீழே வைத்தார். முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"அம்மா, நல்ல மனுசன்தான். கை சுத்தமான கை. ஆனா சீசன்ல நிக்கிற ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? திங்கக்கெழமை வேற ஆளு பாக்குறேன். மனசுல வச்சுக்கிராதீக."

முத்திருளன் கையில் இருந்த சட்டை கசங்கியது. கண் ஈரமாயிற்று.

அப்போது தையல் மெஷின் பேசியது. அதாவது, சின்னத்தாய் மெஷினைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ மெஷினே, நீயாச்சும் கேளு. இவுக அண்ணன் எதுத்தாப்புல டீக்கடையில வந்து உக்காந்துக்கிர்றாக. பெரியவுகளக் கண்ணுல வச்சுக்கிட்டு இவுக எப்படி உக்காருவாக? கலியாணத்துலயே உக்காரல. அவுக பஸ் ஏறிப் போன பெறகு உக்காந்து வேலை பாக்காகல்ல? இதுக்கு எதுக்கு டாக்டரு? பெரியவுக வீட்டுல இருந்தா போதாதா?"

சின்னான்தான் முதலில் வாய் திறந்தான்.

"அப்ப இந்தப் பெரியவருக்கு ஒண்ணும் இல்லையா?" என்றான்.

விஜயம் அம்மா என்னைப் பார்த்தார். எத்தனை நாளாக வருகிறீர்கள் என்று கேட்டார். தினமும் என்றேன். எத்தனை மணிக்குப் போவீர்கள் என்றார். மத்தியானம் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

பாய் தொழில்காரர். அளவெடுக்காமல் எதையும் வெட்ட மாட்டார். என்னை எழுந்து தெருமுனைக்குப் போய் நிற்கச் சொன்னார். போனேன். கொஞ்ச நேரத்தில் சின்னான் கைதட்டிக் கூப்பிட்டான். திரும்பி வந்து பார்த்தால் முத்திருளன் எழுந்துகொண்டிருந்தான். நான் இல்லாதபோது உட்கார்ந்து காஜா எடுத்தானாம். பாய்க்குத் திருப்தி வரவில்லை. இன்னொரு தடவை போகச் சொன்னார். போனேன், வந்தேன். எழுந்தான். மூன்றாவது தடவை பாதி தூரத்தில் நின்று தலையை மட்டும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். எழுந்தான். கூத்தில் வேஷக்காரன் திரைக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடுவதைப் போலக் குடும்பத் தலைவன் கோரிப்பாளையம் முக்கில் குடையோடு ஓடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே விஜயம் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சந்தோஷத்தில் சிரித்தாரா, என்னைப் பார்த்துச் சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை. நோய் திரும்பவில்லை. அதுதான் பேச்சு.

இருந்தாலும் எனக்கு ஒரு யோசனை இருந்தது. என் சொல்லை அவன் தட்டியதே இல்லை. ஆகவே உத்தரவு போட்டேன்.

"டேய், நான் சொல்றேன். உக்காருடா."

"சரிண்ணே," என்றான். நின்றான்.

"உக்காருன்னு சொல்றேன்ல?"

உட்கார்ந்தான். அதை உட்கார்வது என்று சொல்வது மரியாதைக்காகத்தான். முழங்கால் மடங்கியும் மடங்காமலும், முள்ளின் மேல் இருப்பவனைப் போல இருந்தான். நெற்றியில் வேர்வை. ஊசியைப் போட்ட இடம் துளைக்குச் சம்பந்தமில்லாத இடம். பாய் சட்டையை மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டார். முத்திருளன் எழுந்தான். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னான்:

"அண்ணே, நீங்க இருக்கையில என்னால முடியலண்ணே. இந்த வேலை எனக்கு வேணும். நீங்க ஊருக்குப் போங்கண்ணே."

அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் விரட்டியதில்லை.

ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் என்னால் கிளம்ப முடியவில்லை. நான் காவல் இல்லாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் வந்து பார்ப்பார்களே, ஜவுளி வியாபாரம் என்றல்லவா சொல்லியிருக்கிறேன் என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"ஆண்டிச்சாமி எப்பவோ வந்துட்டுப் போயிட்டான்ணே," என்றான் முத்திருளன். "மேலூர் பஸ்ஸுலருந்து என்னயப் பாத்துட்டுச் சாயங்காலமா எறங்கி வந்தான். நான் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன். ஜவுளிக் கடை எங்கன்னு கேட்டான். இதான் என் வேலைன்னு சொன்னேன். மாத்திரை சாப்புடுறதயும் சொன்னேன். அவன் மகனுக்கு ரெண்டு சட்டை தைக்கக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

ஆண்டிச்சாமிக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவன் என்னிடம் அப்புறமும் கடை மராமத்து முடிந்ததா என்று பல நாள் விசாரித்துக்கொண்டிருந்தான். நானும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அலமாரி போடுகிறார்கள் என்று நாளுக்கொரு வேலையாகச் சொல்லி அந்தக் கடையைக் கட்டி முடித்துக்கொண்டிருந்தேன்.

பாய் மறுபடி தரையில் குனிந்து கத்தரியை எடுத்தார். சீசன் முடியும்வரை என்ற பேச்சை அவரே அழித்துவிட்டார்.

"இருக்கட்டும், நெரந்தரமாவே இருக்கட்டும். எனக்கு வேலைக்கு ஆளு வேணும். காவலுக்கு ஆளு வேணாம் பெரியவரே," என்றார்.

இனி அந்தத் தெருவில் கால் வைக்கமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கிளம்பும்போது விஜயம் அம்மா என் பக்கத்தில் வந்து, மாதம் ஒரு முறை முத்திருளன் ஆஸ்பத்திரிக்கு வரும்போது நான் வராமல் இருந்தாலே பெரிய உதவி என்றார். இத்தனை வருஷத்தில் என்னால் ஆகக்கூடிய உதவி என்னவென்று ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சின்னான் டீக்குக் காசு வாங்கவில்லை. ஆனாலும் நான் பஸ் ஏறும்வரை என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கு இன்னும் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை என்று நினைக்கிறேன்.

முத்திருளன் அந்த வேலையில் நிலைத்துவிட்டான். இப்போது காஜாவோடு நிற்கவில்லை, மெஷினில் உட்கார்ந்து சட்டையே தைக்கிறான். ஒரு தீபாவளிச் சமயத்தில் இடையில் கொஞ்சம் தூக்கம் கெட்டது. விஜயம் அம்மா பாயிடம் பேசி, அவன் வார்டில் தங்கித் திரும்புகிறவரை இடத்தைக் காலியாக வைத்திருக்கச் செய்தார். பாய் வைத்திருந்தார். திருவிழாவுக்கு அவன் ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொண்டுவருவான். நின்றுகொண்டே கொடுப்பான். பொத்தான் துளைகளை நான் விரலால் தடவிப் பார்ப்பேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. கழுத்து கொஞ்சம் இறுக்கம் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். மூத்தவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கினால் நன்றாக இருக்காது.

எனக்குக் கஷ்டமெல்லாம் மேலூர் போகும்போதுதான். மாடு வாங்க, விற்க அங்கே போயாக வேண்டும். பஸ் கோரிப்பாளையம் வழியாகத்தான் போகிறது. அந்த முக்கில் போலீஸ்காரர் கை காட்டினால் பஸ் பாய் கடைக்கு நேர் எதிரே நின்றுவிடும். ஜன்னலில் என் தலை தெரிந்தால் அவன் தையலை விட்டு எழுந்து நிற்பான். அதனால் வைகைப் பாலம் தாண்டியதும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்துவிடுவேன். வாய்க்காலில் விழும்போதும் வளையாத முதுகு அந்த ஒரு இடத்தில் வளையும். பக்கத்தில் இருப்பவர்கள் வாந்தி வருகிறது என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். தம்பி கடை வந்தால் அண்ணன் முகத்தை மூடிக்கொள்கிறான் என்று பார்த்துவிட்டுப் போய், எங்களுக்குள் கொடிக்கால் பாகத்தில் சண்டை என்றும், பேச்சுவார்த்தை இல்லை என்றும், காஜா எடுக்கப் போனதற்காக நான் அவனைத் தள்ளிவைத்துவிட்டேன் என்றும் சொல்கிறார்கள். அது தவறு. கொடிக்கால் பாகம் பிரியவில்லை. சண்டை இல்லை. என் தம்பி உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அதனால் குனிகிறேன்.